என்னை இழுத்துப் பழகியவள்

திடலின் நடுவில் நான் மல்லாந்து கிடந்தேன். முதுகுக்குக் கீழே ஒரு பழைய பேனர் துணி. ஏதோ ஒரு டியூஷன் சென்டருடையது. அதில் சிரித்துக்கொண்டிருந்த மாணவியின் முகத்தின்மேல்தான் தினமும் என் முதுகு. யோகா என் தலைப்பக்கம் குனிந்து, இரண்டு அக்குளுக்கும் கீழே கையைக் கொடுத்து, என் நெஞ்சின்மேல் விரல்களைக் கோத்துக்கொண்டாள். பிறகு பின்னோக்கி நடந்தபடி என்னை இழுக்க ஆரம்பித்தாள்.

எனக்கு அதில் வேலை ஒன்றும் இல்லை. கனமாக இருக்க வேண்டும், அவ்வளவுதான். உடம்பை விறைக்காதீங்க, சும்மா விடுங்க என்பாள். விட்டேன். வானம் நகர்ந்தது. கோல் கம்பம் நகர்ந்தது. மழை விட்ட புல்லின் வாசமும், அவள் வேலை செய்த கையுறைத் தொழிற்சாலையின் ரப்பர் வாசமும் கலந்து மூக்கில் ஏறின.

திடலைச் சுற்றி நடைப்பயிற்சி போய்க்கொண்டிருந்த ஒரு பெரியவர் பதறிப்போய் ஓடி வந்தார். என்ன ஆச்சு, மயக்கமா, ஆம்புலன்ஸைக் கூப்பிடவா என்று கேட்டார்.

"இல்ல அங்கிள். என் வீட்டுக்காரர்தான். ப்ராக்டிஸ்" என்றாள் யோகா, மூச்சு வாங்கிக்கொண்டே.

பெரியவர் என்னைப் பார்த்தார். நான் படுத்தபடியே வணக்கம் சொன்னேன். அவர் தலையை ஆட்டிவிட்டு நடையைத் தொடர்ந்தார். அடுத்த சுற்றில் எங்களைவிட்டு நன்றாக விலகியே போனார்.

இந்தத் தொடரைப் படித்து வருகிறவர்களுக்கு என் பள்ளி வேனைத் தெரியும். புதிதாக வந்தவர்களுக்கு ஒரு வரி: நான் குணா, கிள்ளானில் பள்ளிப் பிள்ளைகளுக்கு வேன் ஓட்டுகிறவன். யோகா என் மனைவி. நாங்கள் இரண்டு பேரும் ஒரே நாளில் பொம்பா வேலைக்கு, அதாவது தீயணைப்பு வேலைக்கு, உடற்திறன் தேர்வு எழுதப் போனோம். 'எழுத' என்பது தவறான சொல். பேனா எடுக்காத தேர்வு அது.

கறுத்த கையில் ரொட்டி சானாய்

பொம்பா ஆசை முதலில் என்னுடையது. யோகாவுடையது அல்ல.

எனக்குப் பத்து வயது இருக்கும். எங்கள் கம்பத்தில், அதாவது கிராமத்தில், பலகை வீடுகள் வரிசையாக எரிந்தன. எங்கள் வீடு வரிசையின் கடைசியில் இருந்ததால் தப்பியது. எரிந்ததைப் பற்றி எனக்கு அதிகம் நினைவில்லை. அணைத்த பிறகு நடந்ததுதான் நினைவிருக்கிறது.

கால்வாய் ஓரத்தில் ஒரு தீயணைப்பு வீரர் உட்கார்ந்திருந்தார். தொப்பியைக் கழற்றிப் பக்கத்தில் வைத்திருந்தார். நெற்றியில் தொப்பி இருந்த இடம் வரைக்கும் வெளுப்பு, அதற்குக் கீழே கரி. யாரோ ஒரு பொட்டலத்தில் ரொட்டி சானாய் கொண்டுவந்து கொடுத்தார்கள். அவர் கையைக் கழுவத் தண்ணீர் கேட்கவில்லை. அப்படியே பிய்த்துச் சாப்பிட்டார். ரொட்டியில் அவருடைய விரல்கள் கறுப்பாகப் பதிந்தன. வீடு போன ஒரு அக்கா அவர் முன்னால் போய் நின்று அழுதார். அவர் சாப்பிடுவதை நிறுத்திவிட்டு அந்த அக்கா அழுது முடிக்கும்வரை கேட்டுக்கொண்டிருந்தார்.

பெரிய ஆளானதும் அந்த மனிதரைப் போல ஆக வேண்டும் என்று நினைத்தேன். பெரிய ஆளானேன். அப்பா காலமானதும் அவருடைய வேன் என் கைக்கு வந்தது. காலையில் ஒரு நடை, மத்தியானம் இரண்டு நடை. வருடங்கள் அதிலேயே ஓடின.

கொரோனா ஓய்ந்து எல்லாரும் முகக்கவசத்தைக் கழற்றிய புதிதில், பொம்பாவுக்கு ஆள் எடுக்கிறார்கள் என்று என் மோட்டார் சைக்கிள் மெக்கானிக் சொன்னார். வயது வரம்பைத் தொட எனக்குச் சில மாதங்கள்தான் இருந்தன. ஒரே ஒரு வாய்ப்பு. வீட்டுக்கு வந்து யோகாவிடம் சொன்னேன். அவள் போனில் அந்த அறிவிப்பைத் தேடி எடுத்து, முதலிலிருந்து கடைசிவரை நிதானமாகப் படித்தாள்.

"பொம்பளைங்களும் போடலாம்னு இருக்கே" என்றாள்.

துணைக்கு நீயும் போட்டு வை என்று நான்தான் சொன்னேன். துணைக்கு! சினிமாவுக்குக் கூப்பிடுகிற மாதிரி. அப்போது என் மனதில் இருந்தது அவ்வளவுதான். தனியாக ஓடினால் நான் இரண்டு நாளில் விட்டுவிடுவேன். கூட ஓட ஒரு ஆள் வேண்டும்.

அரிசி மூட்டை

மூன்று மாதம் பயிற்சி எடுத்தோம். எங்களுக்குச் சொல்லிக் கொடுக்க யாரும் இல்லை. யூடியூப் பார்த்தோம். தேர்வில் ஓட்டம் உண்டு, ஏணி உண்டு, கனமான தண்ணீர் ஹோஸைத் தோளில் போட்டு ஓட வேண்டும், ஆள் கனத்தில் ஒரு பொம்மையை இழுக்க வேண்டும், இருட்டுக் குழாய்க்குள் தவழ்ந்து வெளியே வர வேண்டும் என்று தெரிந்துகொண்டோம்.

ஓடத் திடல் இருந்தது. இழுக்க நான் இருந்தேன். எழுபத்திரண்டு கிலோ. அவளை நான் இழுப்பது பயிற்சியே ஆகாது என்பதால், அந்தப் பாகத்தில் எப்போதும் நான்தான் கீழே.

மாடி ஏறக் கோலாலம்பூரில் பிரிக்பீல்ட்ஸ் போவோம். யோகாவின் அம்மா அங்கே ஓர் அடுக்குமாடியில் நான்காவது மாடியில் இருக்கிறார். ஞாயிற்றுக்கிழமை காலையில் ஆளுக்கொரு பத்து கிலோ அரிசி மூட்டையைத் தோளில் போட்டுக்கொண்டு கீழிருந்து மேலே ஏறுவோம், இறங்குவோம், மறுபடியும் ஏறுவோம். மூன்றாம் மாடியில் ஓர் ஆன்டி இரண்டு வாரம் எங்களைக் கவனித்துவிட்டு, மூன்றாவது வாரம் கதவைத் திறந்து, எந்தக் கடை, வீட்டுக்கே கொண்டுவந்து தருவீர்களா என்று விசாரித்தார். யோகா படியிலேயே உட்கார்ந்து சிரித்தாள். அந்த ஆன்டிக்கு விளக்கிச் சொல்வதற்குள் எனக்குக் கால் ஆறிப்போய்விட்டது.

மாமியாருக்கு எங்கள் நோக்கம் பிடிக்கவில்லை. அதிகம் பேசுகிறவர் அல்ல. தோசை சுட்டுப் போட்டுக்கொண்டே என்னிடம் ஒரே ஒரு கேள்வி கேட்டார்.

"அந்த நெருப்புக்கு வேற ஆளே கிடைக்கலையா, தம்பி?"

இன்னொரு தோசை வாங்கிக்கொண்டேன்.

நான்கு மாடி

ஒரு நாள் திடலில் அவள் என்னை இழுத்து முடித்ததும், இப்படிக் கை கோக்க எங்கே கற்றுக்கொண்டாய் என்று கேட்டேன். வீடியோவில் பார்த்துக் கற்றதாகத் தெரியவில்லை. முதல் நாளே சரியாகப் பிடித்தாள். கழுத்து பின்னால் விழாதபடி என் தலையைத் தன் வயிற்றோடு அணைத்துக்கொண்டாள். அதை எந்த வீடியோவும் சொல்லவில்லை.

அவள் புல்லில் உட்கார்ந்து காலணியைக் கழற்றி உள்ளே இருந்த மண்ணைக் கொட்டினாள். பிறகுதான் சொன்னாள். கல்யாணமாகி நான்கு வருடத்தில் நான் கேட்டிராத கதை.

அவள் பதினேழு வயதில் ஐந்தாம் படிவம் படித்துக்கொண்டிருந்த வருடம். ஒரு மத்தியானம், அதே நான்காவது மாடி வீட்டில், அவளுடைய அப்பாவுக்கு நெஞ்சு வலி வந்தது. நல்ல பருமனான மனிதர். லிஃப்ட் வேலை செய்யவில்லை. பக்கத்து வீடுகளில் எல்லாரும் வேலைக்குப் போயிருந்தார்கள். ஆம்புலன்ஸ் வந்துகொண்டிருக்கிறது என்று போனில் சொன்னார்கள். அம்மா அழுதுகொண்டே ஒவ்வொரு கதவாகத் தட்டிக்கொண்டு போனார். யோகா காத்திருக்கவில்லை. ஒரு போர்வையை விரித்து அப்பாவை அதில் உருட்டி, அக்குளில் கை கொடுத்து, ஒவ்வொரு படியாக இறக்கினாள். படி இறங்கும்போது அவருடைய தலை இடிக்காமல் தன் வயிற்றோடு அழுத்திப் பிடித்துக்கொண்டாள். திருப்பத்துக்குத் திருப்பம் நின்று, அப்பா கண்ணைத் திறங்க, அப்பா கண்ணைத் திறங்க என்று சொல்லிக்கொண்டே இறங்கினாள்.

அவர் பிழைத்தார். அதற்குப் பிறகு இரண்டு வருடம் இருந்தார். பார்க்கிறவர்களிடம் எல்லாம், என் மகள் என்னைத் தூக்கி வந்தாள் என்று சொல்லிக்கொண்டிருப்பாராம்.

"கடைசிப் படிக்கு வந்தப்போ பொம்பா யூனிஃபார்ம் போட்ட ஒருத்தர் ஓடி வந்தாரு" என்றாள் யோகா. "என் கையில இருந்து அப்பாவை வாங்கிக்கிட்டாரு. 'போதும், இனி நாங்க பாத்துக்கிறோம்'னு மலாய்ல சொன்னாரு. அதக் கேட்டதும்தான் எனக்குக் கையே வலிச்சுது. அந்த வார்த்தையை நானும் யாருக்காவது சொல்லணும். அவ்வளவுதான்."

காலணியை மாட்டிக்கொண்டு எழுந்து, இன்னொரு தடவை படுங்க என்றாள்.

அன்றுதான் எனக்குப் புரிந்தது. அவள் எனக்குத் துணையாக ஓடவில்லை.

ஏணி

தேர்வு ஷா ஆலம் பக்கம் ஒரு பயிற்சித் திடலில், பள்ளி விடுமுறையில். விடிந்ததும் மோட்டாரில் போய்ச் சேர்ந்தோம். நெஞ்சில் குத்திக்கொள்ள ஆளுக்கொரு எண்ணும் நாலு சேஃப்டி பின்னும் கொடுத்தார்கள். யோகாவின் எண்ணை நான் குத்திவிட்டேன். என்னுடையதை அவள் குத்திவிட்டாள்.

உயரம், எடை பார்த்தார்கள். ஓட்டத்தில் இரண்டு பேரும் தேறினோம். நான் என் கூட்டத்தில் நடுவாக வந்தேன். எனக்கே ஆச்சரியம். பிறகு ஆண்களை ஏணிக்கு அனுப்பினார்கள். பெண்கள் தங்கள் முறைக்காக நிழலில் காத்திருந்தார்கள்.

பயிற்சிக் கோபுரத்தின்மேல் நீள ஏணி ஒன்றைச் சாய்த்திருந்தார்கள். இடுப்பில் பாதுகாப்புக் கயிறு கட்டுவார்கள். உச்சிக்குப் போய் அங்கே கட்டியிருக்கும் மணியை அடித்துவிட்டு இறங்க வேண்டும். எனக்கு முன்னால் போனவர்கள் குரங்கு மாதிரி ஏறி இறங்கினார்கள். பிரிக்பீல்ட்ஸில் மூட்டையோடு நான்கு மாடி ஏறினவனுக்கு இது என்ன என்று நானும் போனேன்.

மாடிப்படிக்கு நடுவில் இடைவெளி இல்லை. ஏணிக்கு உண்டு. நாங்கள் யோசிக்காமல் விட்டது அதைத்தான்.

பாதி ஏணியில் இரண்டு படிகளுக்கு நடுவே தரை தெரிந்தது. அது மெதுவாக அசைவது போல இருந்தது. அசைந்தது ஏணி என்று அறிவுக்குத் தெரிந்தது. கைக்குத் தெரியவில்லை. கை ஏணியைப் பிடித்துக்கொண்டது. விடு என்றால் விடவில்லை. மேலே போகச் சொன்னாலும் கேட்கவில்லை, கீழே வரச் சொன்னாலும் கேட்கவில்லை. காதில் காற்றுச் சத்தம் மட்டும்தான். கீழே யாரோ என் எண்ணைச் சொல்லிக் கூப்பிட்டார்கள். அது வேறு யாருடைய எண்ணோ என்பது போல இருந்தது.

எவ்வளவு நேரம் அப்படியே நின்றேனோ தெரியாது. பிறகு என் கணுக்காலை ஒரு கை பிடித்தது. ஓர் அதிகாரி எனக்குக் கீழே ஏறி வந்திருந்தார். நடு வயதுக்காரர், மலாய்க்காரர். திட்டவில்லை, கத்தவில்லை. கீழே பார்க்காதே, காலை மட்டும் என்னிடம் விடு என்றார். என் வலது பாதத்தைப் பிடித்து ஒரு படி இறக்கி வைத்தார். பிறகு இடது பாதம். குழந்தைக்குக் காலணி மாட்டுகிற மாதிரி ஒவ்வொரு பாதமாக எடுத்து எடுத்து வைத்து என்னைத் தரைக்குக் கொண்டுவந்தார்.

தரைக்கு வந்ததும் என் தோளைத் தட்டி, நிறையப் பேருக்கு நடக்கும், வெட்கப்பட ஒன்றும் இல்லை என்றார். அட்டையில் என் எண்ணுக்கு நேராக ஏதோ எழுதினார். என் தேர்வு அத்தோடு முடிந்தது.

சேஃப்டி பின்

மரத்தடியில் எங்கள் பை இருந்த இடத்தில் போய் உட்கார்ந்தேன். உள்ளங்கையில் ஏணியின் கோடு சிவப்பாகப் பதிந்திருந்தது. யோகா வந்து பக்கத்தில் உட்கார்ந்தாள். தண்ணீர்ப் புட்டியைத் திறந்து கொடுத்தாள். நான் குடித்து முடிக்கும்போது தன் நெஞ்சில் இருந்த எண்ணைக் கழற்றிக்கொண்டிருந்தாள். இரண்டு பின் ஏற்கெனவே கையில் இருந்தது.

"வீட்டுக்குப் போலாங்க" என்றாள். "இது உங்க ஆசை. உங்களுக்குக் கிடைக்காதது எனக்கு எதுக்கு?"

இங்கே ஓர் உண்மையைச் சொல்லிவிட வேண்டும். அவளிடம் இதுவரை சொன்னதில்லை. இதழ் கைக்கு வந்ததும் படிப்பாள், படிக்கட்டும். அவள் அப்படிச் சொன்னதும் எனக்கு நிம்மதியாக இருந்தது. ஆமாம், போகலாம் என்று சொல்ல வாயைத் திறந்துவிட்டேன். மோட்டாரை எடுத்துக்கொண்டு இரண்டு பேருமாகக் கிளம்பிவிட்டால், நடந்தது இரண்டு பேருக்கும் நடந்ததாக ஆகிவிடும். நான் மட்டும் தோற்றதாக இருக்காது. ஒரு வாய்த் தண்ணீர் விழுங்குகிற நேரம், அதைத்தான் நான் விரும்பினேன்.

அப்போது அவள் மூன்றாவது பின்னைக் கழற்ற முயன்றாள். அது துணியில் மாட்டிக்கொண்டு வரவில்லை. நான் உதவலாம் என்று அவள் கையைப் பிடித்தேன். உள்ளங்கை மரக்கட்டை மாதிரி இருந்தது. விரல்களின் அடியில் காய்ப்பு. பழைய கொப்புளம் உடைந்து ஆறி, அதன்மேல் புதிதாக வந்து, அதுவும் ஆறியிருந்தது. பன்னிரண்டு மணி நேரம் தொழிற்சாலையில் நின்றுவிட்டு வந்து என்னை இழுத்த கை. அந்தக் கை இப்படி ஆகிக்கொண்டிருந்ததை மூன்று மாதமாக நான் பார்க்கவில்லை. நான் எப்போதும் வானத்தைப் பார்த்துத்தானே படுத்திருந்தேன்.

அவள் கையிலிருந்து அந்த இரண்டு பின்னையும் வாங்கினேன். எண்ணைத் திருப்பிக் குத்தினேன். கோணலாகத்தான் வந்தது.

"நான் தூங்கறதுக்கா தினமும் அந்தத் திடல்ல படுத்துக் கிடந்தேன்?" என்றேன். "எழுந்து போ, யோகா."

"நீங்க இங்கதான் இருப்பீங்களா?"

"வேற எங்க போவேன்? மோட்டார் சாவி உன் பாக்கெட்டுல இருக்கு."

அவள் எழுந்து, பின்னால் ஒட்டியிருந்த புல்லைத் தட்டிவிட்டுப் போனாள்.

தலையைத் தரையில் வைத்தாள்

அவள் ஏறும்போது நான் எழுந்து நின்றுவிட்டேன். பாதி ஏணியில், ஏறக்குறைய நான் நின்ற இடத்தில், அவளும் நின்றாள். அவள் ஒரு கையை எடுத்துக் கால்சட்டையில் துடைத்தாள். அந்தக் கையால் பிடித்துக்கொண்டு மறு கையைத் துடைத்தாள். பிறகு ஏறினாள். மணிச் சத்தம் கேட்டபோது நான் மேலே பார்க்கவில்லை, கண்ணை மூடியிருந்தேன்.

ஹோஸைச் சுமந்தாள். பிறகு பொம்மை. அதற்கு ஆரஞ்சு நிறத்தில் கால்சட்டை மாட்டியிருந்தார்கள். அவள் அக்குளில் கை கொடுத்துக் கோத்துக்கொண்டு இழுத்தாள். அசையவில்லை. அது என்னை மாதிரி இல்லை, விறைப்பாகக் கிடந்தது. சும்மா விடுங்க என்று அதனிடம் சொல்ல முடியாது. அவள் கையை எடுத்துவிட்டு இன்னும் தாழ்வாகக் குந்தி, அதன் தலையைத் தன் வயிற்றோடு சேர்த்துக்கொண்டு மறுபடியும் இழுத்தாள். நகர்ந்தது.

ஒருமுறை நகர்ந்த பிறகு அவள் நிறுத்தவே இல்லை. முடிவுக் கோட்டைத் தாண்டியும் இழுத்துக்கொண்டு போனாள். அதிகாரி விசில் ஊதிய பிறகுதான் நின்றாள்.

அவளுக்கு முன்னால் இழுத்தவர்கள் எல்லாரும் கோட்டைத் தாண்டியதும் பொம்மையைத் தொப்பென்று போட்டுவிட்டுப் போனார்கள். யோகா போடவில்லை. மண்டியிட்டு, ஒரு கையைப் பின்தலைக்குக் கொடுத்து, மெதுவாக அந்தத் தலையைத் தரையில் வைத்தாள். என் தலையையும் தினமும் அப்படித்தான் வைப்பாள். என்னை இறக்கிய அதே அதிகாரி பக்கத்தில் நின்றிருந்தார். எழுதிக்கொண்டிருந்தவர் நிறுத்திவிட்டு அவளையே பார்த்தார்.

இருட்டுக் குழாய்க்குள் போனவள் வெளியே வர நேரமானது மாதிரி எனக்குத் தோன்றியது. வந்துவிட்டாள். முழங்காலில் இரண்டு பக்கமும் தோல் கிழிந்திருந்தது. தலையெல்லாம் தூசி.

மத்தியானம் எண்களை வாசித்தார்கள். பெண்களில் தேறியவர்கள் சிலர்தான். அவளுடைய எண் வந்தபோது அவள் சிரிக்கவில்லை. திரும்பிக் கூட்டத்தில் என்னைத் தேடினாள். நான் வேலிக்கு வெளியே நின்று இரண்டு கையையும் தூக்கிக் காட்டினேன். அதற்குப் பிறகுதான் அவள் முகத்தில் சிரிப்பு வந்தது.

திரும்பும்போது மோட்டாரை அவள்தான் ஓட்டினாள். என் கை இன்னும் சரியாகவில்லை. கல்யாணமான நாளிலிருந்து நான் அவளுக்குப் பின்னால் உட்கார்ந்தது அதுதான் முதல் தடவை. ஒரு சமிக்ஞை விளக்கில் நின்றபோது என் நெற்றியை அவள் முதுகில் சாய்த்தேன். சட்டை வியர்வையில் நனைந்திருந்தது.

"அழறீங்களா?" என்றாள், திரும்பாமலே.

"வெயில்" என்றேன்.

பச்சை விழுந்தது. அவள் மெதுவாகவே ஓட்டினாள். பின்னால் லோரிக்காரன் ஹாரன் அடித்தும் வேகம் கூட்டவில்லை.

எந்த முட்டி?

நான் பெருந்தன்மையாக எல்லாவற்றையும் ஏற்றுக்கொண்டேன் என்று எழுதினால் அது பொய். அந்த வாரங்களில் எங்கள் குடியிருப்புத் தாமானில் பார்க்கிறவர்கள் எல்லாம் விசாரித்தார்கள். யோகா பாஸாமே, உனக்கு என்ன ஆச்சு? எனக்கு முட்டி வலி, ஓடும்போது பிடித்துக்கொண்டது என்று சொன்னேன். முதலில் ஒருவரிடம் சொன்னேன். அது வசதியாக இருந்ததால் எல்லாரிடமும் சொன்னேன்.

ஒரு நாள் சாப்பாட்டுக் கடையில் இதைச் சொல்லிக்கொண்டிருந்தபோது யோகா பின்னாலேயே நின்றிருந்தாள். அவள் மறுத்துப் பேசவில்லை. ஆமாம், ரொம்பக் கஷ்டப்பட்டார் என்றுகூட ஒத்து ஊதினாள். வீட்டுக்கு வந்ததும் தைலப் புட்டியை எடுத்துக்கொண்டு தரையில் உட்கார்ந்தாள். காலை நீட்டுங்க என்றாள். நீட்டினேன்.

"எந்த முட்டி?" என்றாள்.

இடது என்றேன். கடையில் வலது என்று சொல்லியிருந்தேன். அவள் முகத்தைச் சாதாரணமாக வைத்துக்கொண்டு இடது முட்டிக்குத் தைலம் தேய்த்தாள். பிறகு எதற்கும் இருக்கட்டும் என்று வலது முட்டிக்கும் தேய்த்தாள். முதலில் அவளுக்குத்தான் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. பிறகு எனக்கும். சிரித்து முடித்தபோது என்னால் சொல்ல முடிந்தது: பயந்துட்டேன், யோகா. கை விடவே மாட்டேன்னுடுச்சு.

தெரியும் என்றாள். தைலக் கையோடு என் பாதத்தைப் பிடித்துக்கொண்டாள்.

மறுநாளிலிருந்து கேட்டவர்களிடம் ஏணியில் பயந்துவிட்டேன் என்றே சொன்னேன். அப்படிச் சொன்னதும் யாரும் மேற்கொண்டு கேட்கவில்லை. சிலர் தங்களுக்கும் உயரம் ஆகாது என்றார்கள். என் மெக்கானிக், தன் வீட்டுக் கூரைக்கே இன்னும் ஏறியதில்லை என்று ஒத்துக்கொண்டார்.

நேர்காணல், மருத்துவச் சோதனை எல்லாம் முடிந்து அவளுக்குக் கடிதம் வந்தது. பல மாதப் பயிற்சிக்கு வெளியூர் போனாள். அவள் போன அன்று வீட்டில் ரப்பர் வாசம் இல்லை. அதைக்கூடத் தேடுவேன் என்று நான் நினைத்ததே இல்லை. சோறு குழைந்தது, துணி சாயம் போனது, அதெல்லாம் இந்தத் தொடரில் ஒரு தனி வாரத்துக்கு ஆகும். மாமியார் ஒரு வாரம் பேசவே இல்லை. அதற்கு அடுத்த வாரம் பிரிக்பீல்ட்ஸிலிருந்து எல்.ஆர்.டி ரயில், பஸ் என்று மாறி மாறி ஏறி, ஒரு டப்பா கோழி வறுவலோடு எங்கள் வீட்டு வாசலில் வந்து நின்றார். அவள் எப்படி இருக்கிறாள் என்று கேட்டார். நன்றாக இருக்கிறாள், அங்கேயும் ஏணி ஏறுகிறாளாம் என்றேன். அவர் டப்பாவை என் கையில் கொடுத்துவிட்டு உள்ளே போய், என் சமையலறையைப் பார்த்துவிட்டு, பாத்திரம் தேய்க்க ஆரம்பித்தார்.

இடது பக்கம்

இப்போது யோகா எங்கள் வீட்டிலிருந்து தூரமில்லாத ஒரு நிலையத்தில் இருக்கிறாள். அவள் முதலில் போன அழைப்பு தீ அல்ல. ஒரு பெரியவரின் விரலில் மோதிரம் மாட்டிக்கொண்டு வீங்கிவிட்டது. அதை வெட்டி எடுக்கும்வரை அவர் கையைப் பிடித்துக்கொண்டிருந்தது இவள்தான். இனி நாங்க பாத்துக்கிறோம் என்று சொன்னாயா என்று கேட்டேன். சொன்னேன் என்றாள்.

போன மாதத்தில் ஒரு நாள் காலை. வேன் நிறையப் பிள்ளைகள். சாலை நெரிசல், எல்லாரும் பள்ளிக்கு நேரமாகிவிட்டது என்று முனகிக்கொண்டிருந்தார்கள். பின்னால் தூரத்தில் சைரன் கேட்டது. கண்ணாடியில் சிவப்பு வண்டி தெரிந்தது.

பிள்ளைகள் எல்லாரும் ஒரே பக்கமாக ஜன்னலுக்கு நகர்ந்தார்கள். "அங்கிள், ஆன்டி அதுல இருக்காங்களா?" என்று முன் சீட்டில் இருந்த சிறுமி கேட்டாள்.

தெரியலையே என்றேன். உண்மையிலேயே தெரியாது. அன்று அவளுக்கு வேலை நாள்; அவ்வளவுதான் தெரியும். தலைக்கவசம் போட்டுவிட்டால் எல்லாரும் ஒரே மாதிரிதான் இருப்பார்கள்.

சிக்னல் போட்டு இடது பக்கம் ஒதுங்கினேன். ஒரு தீயணைப்பு வண்டி போக எவ்வளவு இடம் வேண்டும் என்று எனக்குத் தெரியும். இத்தனை வருடம் சாலையில் இருக்கிறேன். இருந்தாலும் அன்று இன்னும் கொஞ்சம் ஒதுங்கினேன், டயர் புல்லில் இறங்கும்வரை.